பிரேக்குத் தட்டுக்கு வைத்த சந்தனம்

ஊசிப்பாறைத் தோட்டத்தில் வேகத்துக்கு அதிகம் பயந்தவர் யார் என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் ஆண்டியப்பனைக் காட்டுவார்கள். தோட்டத்து வண்டிகளுக்கெல்லாம் பிரேக் பார்க்கிறவரும் அவரே. இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடியிருந்தன என்பது பலருக்கு விளங்கவில்லை. பிரேக்கை நம்புகிறவன் ஓட்டுவான், நம்பாதவன் பழுது பார்ப்பான் என்பது அவர் கட்சி.

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு அந்தப் பக்கம், திம்புள்ள வீதியிலிருந்து பிரிந்து பதினோரு வளைவு ஏறினால் ஸ்டோர் வரும். தேயிலை அரைக்கும் கட்டடத்துக்கு மலையில் அதுதான் பெயர். அதற்கும் மேலே இரண்டு வளைவு ஏறினால், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பெரிய துரையின் பங்களா. துரைமார் உயரத்தில் வீடு கட்டுவதற்குக் காற்று, காட்சி என்று பல காரணம் சொல்வார்கள். தினமும் அங்கிருந்து இறங்கியாக வேண்டும் என்பதை யாரும் காரணமாகச் சொன்னதில்லை. ஆண்டியப்பன் ஒருவர்தான் அந்த வீட்டை இறக்கத்தின் கணக்கில் பார்த்தவர்.

ஸ்டோரை ஒட்டிய தகரக் கொட்டகைதான் கராஜ். பழுது பார்த்த வண்டியை ஆண்டியப்பன் சோதனைக்கு ஓட்டினால், கொழுந்துக் கூடையோடு நடந்து போகும் பெண்கள் அதை முந்திக்கொண்டு போவார்கள். லொறி ஓட்டும் பத்திநாதன் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கிறவர். ஆண்டியப்பனைச் சீண்டாமல் அவருக்குத் தேநீர் இறங்காது.

"அண்ணே, நீங்க பிரேக் பாத்த லொறியில நான் நாளெல்லாம் பள்ளத்த எட்டிப் பாத்துக்கிட்டே ஓட்டுறேன். பாத்த நீங்க ஓரமா நடந்து வர்றீங்க. நம்ம ரெண்டு பேருல யாருக்கு விசுவாசம் ஜாஸ்தி?"

"நீ மேல இருக்கிறவர நம்புற தம்பி. எனக்குக் கீழ இருக்கிறது கண்ணுல தெரியுது."

இந்தப் பயம் பிறவியில் வந்ததல்ல. ஆண்டியப்பன் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பன்னிரண்டு வயதில் வேலைக்குப் பேர் பதிந்து, ஸ்டோர் இஞ்சின் அறையில் கரி துடைத்து வளர்ந்தவர். 1942இல் பட்டாளத்தார் தியத்தலாவையில் கராஜ் ஒன்று வைத்துக்கொண்டு, கைவேலை தெரிந்த ஆட்களைத் தோட்டங்களில் கேட்டார்கள். அப்போதிருந்த துரை இவரை அனுப்பிவைத்தார். யார் எந்த நாளில் வேலை செய்தார்கள் என்று பதியும் செக்ரோல் புத்தகத்தில், இவர் பெயருக்கு எதிரே ஓரத்தில், பென்சிலால் ஒரு வரி எழுதினார்: 'பட்டாள வேலைக்கு இரவல்.' பக்கத்துத் தோட்டத்துக்கு ஏணி கொடுத்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

பட்டாளக் கராஜுக்கு நிற்க மறுத்த வண்டிகள்தான் வரும். சில வண்டிகளின் இருக்கைகளைக் கழுவிய பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும். மூன்று வருடம் அதையே பார்த்தவர், 1945இல் இரண்டு சொத்தோடு தோட்டத்துக்குத் திரும்பினார்: பிரேக் வேலை, பிரேக் மேல் அவநம்பிக்கை. இரண்டில் எது அவரை நல்ல வேலைக்காரர் ஆக்கியது என்று சொல்வது கடினம். அவர் கை வைத்த எந்த வண்டியும் அதற்குப் பின் பள்ளத்தைப் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்து நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அதன் பின்னால் சட்டமும் வந்தது. இந்திய வம்சத்தாரில் இங்கே பிறந்தவர்கள் தாங்கள் இங்கேயே இருந்ததை எழுத்தில் காட்டினால் பிரஜாவுரிமை உண்டு என்றார்கள். 1951இல் ஆண்டியப்பன் தமக்கும் மனைவி காளியாயிக்கும் விண்ணப்பம் போட்டார். பெரிய கிளாக்கர் கணேசமூர்த்திதான் எழுதிக் கொடுத்தார். பத்து வருடம் அந்த விண்ணப்பம் எங்கெங்கோ உட்கார்ந்து எழுந்தது. கடைசியில் நுவரெலியாவிலிருந்த விசாரணை அலுவலகமான கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. யுத்த காலத்து மூன்று வருடம் இவர் எங்கே இருந்தார்? இந்தியாவில் என்று கொள்ளலாமா?

இந்தியாவை ஆண்டியப்பன் பார்த்ததில்லை. கப்பலையும் பார்த்ததில்லை. அதற்குப் பின் சிட்டிசன் பேப்பர் என்ற இரண்டு சொற்களைத் தவிர அவர் வீட்டில் வேறு பேச்சு இருக்கவில்லை. அது கிடைத்தால் இருக்கலாம், கிடைக்காவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பதில், கிளாக்கர் கந்தோர் அலமாரியில் கரையான் தொடாமல் கிடந்த செக்ரோலின் ஓரத்தில், பென்சிலில் இருந்தது.

புத்தகத்தைத் தோட்டத்துத் துரையே நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று கடிதம் சொன்னது. துரை கடிதத்தைப் படித்துவிட்டு "வருகிறேன்" என்றார். ஒரு சொல்தான், ஆனாலும் துரையின் தமிழில் அது அபூர்வம். புத்தகம் பார்த்துத் தமிழ் கற்ற அவர், பெரும்பாலும் 'போ', 'வா', 'வெட்டு', 'நிறுத்து' என்ற அளவிலேயே பேசி வந்தார்.

விசாரணைத் தேதி, ஆயுத பூசை கழிந்து விஜயதசமிக்கு மறுநாள் என்று குறிக்கப்பட்டிருந்தது. துரை தம் காரில் போவதாகவும், ஆண்டியப்பன் பின் இருக்கையில் வரலாம் என்றும் ஏற்பாடு.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய வருடம், ஆயுத பூசை கழிந்த பிறகு கப்பலில் வந்து இறங்கியது. ஆண்டியப்பன் அதுவரை அறிந்த பிரேக்கெல்லாம் மூடிய இரும்புச் சட்டிக்குள் இருக்கும். சட்டியோடு சக்கரம் சுற்றும். உள்ளே லைனிங் ஒட்டிய இரண்டு வளைந்த தகடுகள் விரிந்து அதன் சுவரை அழுத்தும். கழற்றாதவரை கண்ணில் எதுவும் படாது. துரையின் காரில் பின் சக்கரங்கள்தான் அப்படி. முன் சக்கரங்களிலோ பளபளவென்று ஒரு வட்டத் தட்டு வெளியிலேயே சுற்றியது. நண்டு கொடுக்கைப் போல ஓர் இரும்புப் பிடி அதைக் கவ்விக்கொண்டிருந்தது. பிடிக்குள் இரண்டு பக்கமும் விரல் தடிமனில் இரண்டு கட்டைகள். மிதித்தால் கட்டைகள் தட்டை இறுக்கும், வண்டி நிற்கும். ஆண்டியப்பன் முதல் முறை சக்கரத்தைக் கழற்றிவிட்டு வெகுநேரம் குந்தியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றார் பத்திநாதன்.

"இத்தன வருசமா பிரேக்குன்னு ஒண்ணு உள்ள இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டே பாத்தேன் தம்பி. இன்னைக்குத்தான் மொகத்தக் காட்டுது."

காரோடு வந்த சிறு புத்தகத்தைக் கணேசமூர்த்தி வாசித்துச் சொன்னார். எண்ணெய், கிரீஸ் எதுவும் தட்டில் படக்கூடாது. பட்டுக் கட்டையில் ஊறிவிட்டால் கட்டையை மாற்ற வேண்டும்.

"கழுவுறதுன்னு போட்டிருக்குங்களா ஐயா?"

"மாத்துறதுன்னுதான் போட்டிருக்கு."

"இன்னொருக்கா பாருங்க ஐயா."

"எத்தன தரம் பாத்தாலும் அதேதான் போட்டிருக்கும் ஆண்டியப்பா. இது அச்சடிச்சது."

குழாய்க்குள் எண்ணெய் இல்லாவிட்டால் இந்த வண்டி நிற்காது. தட்டின் மேல் எண்ணெய் இருந்தாலும் நிற்காது. இந்த முரண்பாட்டை ஆண்டியப்பன் மிகவும் ரசித்தார். கராஜில் எண்ணெய்க் கையோடு யாரும் அந்தக் காரை நெருங்க விடவில்லை. பனிக்காலத்தில் இரவோடு இரவாகத் தட்டில் மெல்லிய துரு படியும். இரண்டு முறை மிதித்தால் போய்விடும் அது. இருந்தாலும் காளியாயியின் பழைய சேலையில் கிழித்த துணியோடு காலையில் பங்களாவுக்கு ஏறிப் போய்த் துடைத்துவிட்டுத்தான் வருவார்.

பதின்மூன்று வளைவும் ஒரு வருடமும் சேர்ந்து கட்டைகளைத் தேய்த்துவிட்டன. அதற்குள் வெளிநாட்டுச் சாமான்கள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்திருந்தது. கொழும்பில் எழுதிக் கேட்டதற்கு நான்கு மாதம் கழித்து ஒரே ஒரு சோடித் தொகுதி வந்தது. பழையவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. நாட்டில் இனி எப்போது கிடைக்கும் என்று தெரியாது என்றும் எழுதியிருந்தார்கள்.

ஆயுத பூசைக்குப் பத்து நாள் முன்னதாக ஆண்டியப்பன் அவற்றை மாட்டினார். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, ஜாக்கியை நம்பாமல் மரக்கட்டையும் அடுக்கினார். ஊசிகளை உருவிப் பழைய கட்டைகளை எடுத்தார். இரும்பைத் தொட அவற்றில் தீப்பெட்டி அட்டை அளவுகூட மிச்சம் இல்லை. கட்டையைத் தள்ளும் குமிழைப் பின்னுக்கு அழுத்தினால் மேலே தொட்டியில் பிரேக் ஒயில் பொங்கும். பொங்கினால் பெயின்ட் உரிந்துவிடும். ஆகவே முதலில் தொட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். தட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். ஓர் ஆணியைத் தட்டுக்குப் பக்கத்தில் அசையாமல் நிறுத்தி, தட்டைச் சுற்றவிட்டு, நெளிகிறதா என்று பார்த்தார். நெளியவில்லை. புதிய கட்டைகளைத் துணியில் பிடித்து மாட்டினார். வண்டியை எடுப்பதற்கு முன் மிதியை அழுத்தி அழுத்தி, கால் கெட்டியாக நிற்கும்வரை விடவில்லை.

"தொரை, புதுசு தட்டோட பழகணுங்க. கொஞ்ச நாளைக்கு மெதுவா மிதிங்க" என்றார்.

"சரி" என்றார் துரை. பழையவை அன்றைய தபாலில் கொழும்புக்குப் போய்விட்டன.

ஆயுத பூசை அன்று மலையில் எந்தச் சக்கரமும் சுற்றாது. ஸ்டோரில் உருட்டும் இயந்திரம், அடுப்பு, தராசு, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி எல்லாம் கழுவிப் பொட்டு வைக்கப்படும். இதில் ஊசிப்பாறைக்கு மட்டும் உரிய வழக்கம் ஒன்று இருந்தது. தண்ணீரில் குழைத்த சந்தனம் ஸ்டோர் சூட்டில் காய்ந்து உதிர்ந்து, தேயிலையில் விழுந்துவிட்டதாம். ஸ்டோருக்குப் பொறுப்பான பழைய டீமேக்கர் ஒருவர் பூசையையே நிறுத்தப் பார்த்தார். அதற்கு ஆட்கள் கண்ட மாற்று, சந்தனத்தை நல்லெண்ணெயில் குழைப்பது. அது உதிராது, இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தெய்வமும் தேயிலையும் சமாதானமாயின. வருடா வருடம் அந்தச் சந்தனத்தைப் பெரிய பித்தளைச் சட்டியில் குழைப்பது காளியாயி.

சட்டி ஸ்டோரைச் சுற்றிவிட்டுக் கராஜுக்கு வந்தது. துரையின் கார் சக்கரம் கழற்றிக் கழுவித் துடைத்து நின்றது. எல்லா வருடமும் ஆண்டியப்பன் பானெட்டிலும் ஸ்டியரிங்கிலும் பொட்டு வைப்பார். அவை அவருக்கு முக்கியமானவை அல்ல. முக்கியமானது சக்கரத்தின் இரும்புச் சட்டிக்குள் மறைந்திருக்கும், அதற்குப் பொட்டு வைக்க வழி இல்லை. இந்த வருடம் அது வெட்டவெளியில், கண்ணாடிபோல் அவர் முகத்தையே காட்டிக்கொண்டு நின்றது. மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி, இரண்டு தட்டுக்கும் நிறையப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்.

எண்ணெய்க் கையோடு யாரையும் அண்ட விடாத மனிதர் அவர். சட்டியில் எண்ணெய் இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. பதினைந்து வருடமாக அவர் வீட்டில்தான் அது குழைபடுகிறது. ஆனால் அதன் பெயர் சந்தனம். சந்தனத்தை அவர் எண்ணெய் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

மறுநாள் விஜயதசமி. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை நசுக்கி ஓட்டி எடுப்பது முறை. பூசிய சந்தனத்தைத் துணியால் வழித்துவிட்டு, சக்கரத்தை மாட்டி, ஆண்டியப்பன் காரை எடுத்தார். பழம் நசுங்கியது. கைதட்டினார்கள். ஸ்டோர் முற்றத்தின் ஓரத்தில் நிறுத்த மிதித்தார். கார் அவருடைய அந்த நடை வேகத்திலேயே நிற்க யோசித்தது. பிறகு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

சிரித்துக்கொண்டிருந்தவர்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் மட்டும் இறங்கி, காரைக் கராஜுக்குத் தள்ளச் சொன்னார்.

கழற்றிப் பார்த்தபோது கட்டைகளின் முகம் கறுத்து மினுங்கியது. முகர்ந்தார். நல்லெண்ணெய் வாசம். பெட்ரோலில் கழுவினார். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் தகரம் வைத்துச் சூடாக்கினார்; எண்ணெய் வேர்த்து வந்தது, துடைத்தால் மறுபடி வேர்த்தது. உப்புத்தாளில் தேய்த்தார். மாட்டி ஓட்டினார். கழற்றினார். மறுபடி கழுவினார். மத்தியானச் சோற்றைக் கொண்டுவந்த காளியாயி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க, நம்ம சந்தன வாசமுல்ல வருது?"

"சோத்த வச்சிட்டுப் போ."

அவள் தட்டையும் பார்த்தாள், துணியையும் பார்த்தாள். சட்டியில் எண்ணெய் ஊற்றிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கையில் எதுவும் இல்லை.

"தொரைக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லி? நாளைக்கு அவரு வரலேன்னா? இதச் சரி பண்ணிப்புடுவேன். பொழுது கெடக்கு."

அன்று பொழுது கிடந்தது உண்மை. அன்று மத்தியானமே சொல்லியிருந்தால் துரை பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் கார் கேட்டிருக்கலாம், ரயிலுக்கு ஏற்பாடு செய்திருக்கலாம். ஏறக்குறைய இருபது வருடம் வண்டிகளிடம் சந்தேகத்தோடு பழகிய மனிதர், வாழ்நாளில் ஒரே ஒரு நாள், ஒரு கட்டையின் மேல் நம்பிக்கை வைத்தார். அது அந்த நாளாக அமைந்தது.

மாலையில் ஸ்டோர் சரிவில் சோதனை செய்தார். நல்ல பிரேக்குக்கு நின்றிருக்க வேண்டிய இடத்தில் கல் ஒன்றை வைத்திருந்தார். கார் கல்லைத் தாண்டி மூன்று மடங்கு தூரம் போய், அதுவும் பாதிக் கைப்பிரேக்கின் தயவில், நின்றது. முதல் வளைவைக் கடந்துவிடலாம், இரண்டாவதையும் கடக்கலாம். தட்டு சூடேறியதும் மிச்ச எண்ணெய் கசியும். ஏழாவது வளைவில் பள்ளம் முந்நூறு அடி.

நுவரெலியாவுக்குப் போவது ஏற்றம்தான், ஏற்றத்துக்குப் பிரேக் வேண்டாம் என்பது அவருக்கும் தோன்றியது. பதினோரு வளைவுக்குத் தாமே காரை முதல் கியரில் ஊர்ந்து இறக்கிவிட்டு, துரையைக் கீழே வீதியில் ஏற்றிக்கொண்டால்? புத்தகம் காட்டிய பிறகு, திரும்பும் முன், விஷயத்தைச் சொல்லிவிட்டால்? இரவு முழுக்க இந்தக் கணக்கைப் போட்டார். நானுஓயாவுக்கு அப்பால் ஒரு நீண்ட இறக்கம் இருப்பது ஒவ்வொரு தடவையும் கணக்கின் முடிவில் வந்து நின்றது.

விசாரணை அன்று காலை ஏழு மணிக்குத் துரை கறுப்புக் கோட்டுடன், செக்ரோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தாமே பங்களாவிலிருந்து கராஜுக்கு நடந்து இறங்கினார். கூடவே கணேசமூர்த்தி குடை பிடித்து வந்தார். நல்ல மழை. ஆண்டியப்பன் வெளுத்த வேட்டியும் இரவல் கோட்டும் போட்டுக்கொண்டு, கார்க் கதவின் குறுக்கே நின்றார்.

"கதவைத் திற" என்றார் துரை.

"தொரை, கார எடுக்காதீங்க."

"ஏன்?"

"பிரேக் நிக்காதுங்க."

"புதிய பிரேக்?"

"புதுசுதானுங்க. நான் கெடுத்துட்டேன். தட்டுக்குச் சந்தனம் வச்சேன். அதுல எண்ணெ இருந்துச்சு."

துரைக்குச் சந்தனம் என்ற சொல் தெரியவில்லை. கணேசமூர்த்தி ஆங்கிலத்தில் விளக்கினார். துரை ஆண்டியப்பனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். கோபப்படுவார் என்று கிளாக்கர் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். துரை சிரித்தார். உண்மையாகவே, தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைவிட ஓர் அறை மலிவாக முடிந்திருக்கும்.

"எப்போது தெரியும்?"

"நேத்துக் காலையிலங்க."

துரையின் சிரிப்பு நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் போய்விட்டது. லொறி கொழும்பில். பக்கத்துத் தோட்டத்துத் துரை அன்று விடியற்காலையில்தான் விடுமுறைக்குப் புறப்பட்டிருந்தார்.

"எட்டு மணிக்குக் கீழ பஸ் இருக்குங்க தொரை" என்றார் ஆண்டியப்பன்.

துரை பஸ்ஸில் போவதைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் எதுவும் இருக்கவில்லை. சட்டம் இருந்திருந்தால் மீறியிருப்பார், நல்ல மனிதர். இல்லாத சட்டத்தை மீறுவதுதான் யாராலும் முடியாது. அவர் மழையைப் பார்த்தார், தம் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"நான் கொண்டு போறேன் சார்" என்றார் கணேசமூர்த்தி, புத்தகத்துக்குக் கை நீட்டி. துரை கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். துரையே நேரில், என்று போட்டிருந்தது. கடிதத்தில் எழுதியிருப்பதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. கராஜ் மேசையில் உட்கார்ந்து, வேறு தேதி தரும்படி கேட்டு அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதி, ஆண்டியப்பனிடம் கொடுத்தார்.

"போ" என்றார். கொஞ்சம் யோசித்து, "நீ என் உயிரைக் காப்பாற்றினாய்" என்றும் சொன்னார். அது முழு வாக்கியம்.

ஆண்டியப்பன் பஸ்ஸேறிப் போனார். விசாரணை செய்த உத்தியோகத்தர் மரியாதையானவர், உட்காரச் சொன்னார். துரையின் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார். ஆண்டியப்பனுக்குச் சிங்களம் வரும்.

"புத்தகம் எங்கே?"

"தோட்டத்துல மாத்தயா."

"துரை ஏன் வரவில்லை?"

"காரு பிரேக் சரியில்லீங்க."

"அந்தக் காரின் பிரேக்குக்கு யார் பொறுப்பு?"

"நானுங்க."

உத்தியோகத்தர் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தார். கேலி செய்கிறாரோ என்ற சந்தேகம் முகத்தில் வந்து போனது. பிறகு ஏதோ எழுதினார். வேறு தேதி தருவதாகச் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்துத் தபால் வந்தது. 1942 முதல் 1945 வரை இலங்கையில் தொடர்ந்து வசித்தது நிரூபிக்கப்படாதபடியால் விண்ணப்பம் தள்ளுபடி. கணேசமூர்த்தி அப்பீல் எழுதினார். துரையும் செக்ரோலின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பினார். உரிய வேளையில் காட்டப்படாத சாட்சியம் இனி ஏற்கப்படாது என்று அதற்கும் பதில் வந்தது. எதிலும் மரியாதைக் குறைவு இல்லை.

துரை தம்மால் முடிந்ததைச் செய்தார். கிளப்பில் அந்தக் கதையைச் சொன்னார். மலை முழுக்கச் சிரித்தார்கள், மலை முழுக்க ஆண்டியப்பனைப் புகழவும் செய்தார்கள். மறுவருடம் கொழும்பிலிருந்து கட்டைகள் வந்தன. துருவேறிப் போயிருந்த தட்டுகளை உப்புத்தாளால் மெருகேற்றி, ஆண்டியப்பன் அவற்றை மாட்டினார். 1964இல் சீமைக்குத் திரும்பும் முன், துரை தட்டெழுத்தில் ஒரு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார். தமக்கு நேரும் நட்டத்தைப் பார்க்காமல் உண்மை சொல்லும் மனிதன், என்று அதில் இருந்தது. கிளாக்கர் தமிழில் சொன்னபோது ஆண்டியப்பன் கவனமாகக் கேட்டார்.

"இதக் காட்டினா ஏத்துக்குவாங்களா ஐயா?"

"எந்தக் கராஜுலயும் ஏத்துக்குவாங்க."

"கராஜுல இல்லீங்க ஐயா."

கணேசமூர்த்தி பத்திரத்தை மடித்துக் கொடுத்தார்.

அந்த வருடக் கடைசியில் இரண்டு நாட்டுப் பிரதம மந்திரிமாரும் உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் ஒரு தடவை தள்ளுபடியானவனுக்கு அந்தப் பக்கம்தான் சௌகரியம் என்று ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பேச்சு. பத்திநாதனும் ஒரு நாள் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, அங்கயும் பிரேக் இல்லாமலா வண்டி ஓடுது?" என்று தொடங்கினார். ஆண்டியப்பன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீரைக் குடிக்காமல் கொட்டிவிட்டுப் போனார்.

எண்ணெய் ஊற்றியது தான் என்ற எண்ணம் காளியாயிக்கு. ஒரு நாள் பேசாமல் இருந்தது தாம் என்ற எண்ணம் ஆண்டியப்பனுக்கு. மற்றவர் சொல்லிக்காட்டுவார் என்று இருவரும் மூன்று வருடம் காத்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்து தீர்ந்திருக்கும்.

1965 ஆடியில் இருவரும் கிளாக்கர் கந்தோருக்குப் போய், இந்தியாவுக்கான படிவத்துக்குப் பெருவிரலும் கையெழுத்தும் வைத்தார்கள். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதியாயிற்று. கணேசமூர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தியாவுல சொந்த ஊர் எதுன்னு கேட்டிருக்கான்."

ஆண்டியப்பன் காளியாயியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை. தம் அப்பா எப்போதோ ஓர் ஊர்ப் பெயர் சொன்னதுண்டு, திருச்சிப் பக்கம் என்று மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

"தெரியலீங்க ஐயா. விட்டுருங்களேன்."

"விட்டா இதுவும் தள்ளுபடியாகும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"அப்ப, ஏதாச்சும் ஒரு ஊர எழுதுங்க. போயி நிக்கையில தேடிக்கிறோம்" என்றாள் காளியாயி.

கிளாக்கர் ஊர்ப் பெயர் ஒன்றை எழுதினார். எது என்று அவர்கள் கேட்கவில்லை.